தோசைக்கல்லில் கராச்சி

துபாய் என்றதும் உங்களுக்கு புர்ஜ் கலீஃபாவும், தங்கக் கடைகளும், கடலுக்குள் ஈச்சமரம் மாதிரி போட்டு வைத்திருக்கிற தீவும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு வெங்காயம் ஞாபகத்துக்கு வரும்.

விவரமாகச் சொல்கிறேன்.

ஷேக் ஸாயித் சாலையில் வானத்தைக் குத்திக்கொண்டு வரிசையாகக் கட்டடங்கள் நிற்கின்றன, இல்லையா? அதற்குப் பின்பக்கம் இறங்கி நடந்தால் சத்வா. தையல் கடை, துணிக்கடை, சலூன், பிலிப்பைன்ஸ்காரர்களின் சாப்பாட்டுக் கடை, மலையாளி டீக்கடை என்று நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு ஏரியா மாதிரி இருக்கும். அங்கிருந்தும் புர்ஜ் கலீஃபா தெரியும். ஆனால் நடுவில் யாராவது லுங்கி காயப்போட்டிருப்பார்கள்.

சத்வாவில் 'ரவி ரெஸ்டாரண்ட்' என்று ஒரு ஓட்டல். போன புதிதில், நம்ம பக்கத்து ரவி யாரோ நடத்துகிறார் என்று நினைத்து உள்ளே போய் சாம்பார் கேட்டேன். லாகூரை ஒட்டி ராவி என்றொரு நதி ஓடுவது அப்போது எனக்குத் தெரியாது. 1978-லிருந்து நடக்கிற பாகிஸ்தானி ஓட்டல் அது. 2022-ல் அடிடாஸ் கம்பெனி அந்த ஓட்டல் பெயரில் ஒரு ஷூவே வெளியிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பார் கேட்டவனை அவர்கள் அடிக்கவில்லை. பருப்பு கொடுத்தார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் வரி. 2018 ஜனவரி 1-ஆம் தேதி அமீரகத்தில் 5 சதவிகித 'வாட்' வந்தது. அதுவரை வரியென்றால் என்னவென்று கவலைப்படாத கம்பெனிகள் எல்லாம், 'கணக்குத் தெரிந்தவன் யாராவது உண்டா?' என்று ஆள் தேடின. பி.காம். சான்றிதழை லாமினேட் செய்துகொண்டு திருவல்லிக்கேணி மேன்ஷனில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்படித்தான் யோகம் அடித்தது. துபாய்க்கு வரி வந்தது, எனக்கு வாழ்வு வந்தது.

கட்டடச் சாமான் விற்கிற கம்பெனி. சத்வாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஃப்ளாட் கொடுத்தார்கள். தேசம் பார்த்துக் கட்டில் போடவில்லை, காலி இடம் பார்த்துப் போட்டார்கள். அதனால் நாங்கள் ஐந்து பேர். நான். ஸ்டோர்ஸில் இருந்த திருநெல்வேலி அண்ணாச்சி. திருச்சூர் சேட்டன். ஸ்வாத் பள்ளத்தாக்கிலிருந்து வந்த டிரைவர் கான். அப்புறம் ஏ.ஸி. மெக்கானிக்கான கராச்சிக்காரர். வயது நாற்பது. எதை ரிப்பேர் செய்யக் கொடுத்தாலும் செய்வார் என்பதால் எல்லோருக்கும் அவர் 'உஸ்தாத்'.

போகும்போது எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. கானிடமும் உஸ்தாதிடமும் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். சரளமாகப் பேச வந்தபிறகுதான் ஆபீஸில் ஒரு டெல்லிக்காரர் சொன்னார், "ஸார், நீங்க பேசறது உருது" என்று.

உஸ்தாதின் கைப்பக்குவம் கபாப். கம்பியில் கொத்துக்கறியைப் பிடித்து நெருப்பில் வாட்டுகிற ஸீக் கபாப். ஸீக் என்றால் கம்பி. கராச்சியில் பர்ன்ஸ் ரோடு என்று ஒரு சாப்பாட்டுத் தெரு இருக்கிறது. 1947-க்குப் பிறகு டெல்லியிலிருந்து போனவர்கள் நிறையப் பேர் அந்தப் பக்கம் குடியேறி, கூடவே நிஹாரியையும் கபாபையும் கொண்டுபோனார்கள். அவர்களில் உஸ்தாதின் தாத்தாவும் ஒருவர். படுக்கைச் சுருட்டுக்குள் எட்டு இரும்புக் கம்பிகளை வைத்துக்கட்டி எடுத்துப் போனாராம். "நகை எடுத்துட்டு வரல, கம்பி எடுத்துட்டு வந்தார்னு பாட்டி சாகிற வரைக்கும் திட்டினாங்க" என்பார் உஸ்தாத்.

அந்தக் கம்பி கராச்சியில் இருந்தது. சத்வாவில் கம்பியும் இல்லை, கரி அடுப்பும் இல்லை. பால்கனியில் கரி மூட்டக் கூடாது என்று நாத்தூர் (அங்கே வாட்ச்மேனுக்கு அதுதான் பெயர்) கதவிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தார். ஹாலில் புகை கண்டால் அலறுகிற கருவி வேறு. எனவே உஸ்தாத் அடுப்பங்கரையிலேயே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "ஒருநாள் உனக்குக் கத்துத் தர்றேன் மத்ராசி பாய்" என்று சொல்லிக்கொண்டே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அப்போதுதான் அந்த வாரம் வந்தது.

2019 பிப்ரவரி 26, செவ்வாய். பாலாகோட்டில் இந்திய விமானங்கள் குண்டு போட்டன என்று செய்தி. 27-ஆம் தேதி நம் விமானி அபிநந்தன் அந்தப் பக்கம் பிடிபட்டார். பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. எங்கள் ஹாலில் ஒரே ஒரு டி.வி. சேட்டன் ரிமோட்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "ஆரும் டி.வி. காணண்டா" என்றார். ஆனால் போன் இருக்கிறதே! ஐந்து கட்டில், ஐந்து போன், ஐந்து முகத்தில் நீல வெளிச்சம்.

அண்ணாச்சியின் தம்பி ராணுவத்தில், ரஜௌரி பக்கம். புதன்கிழமை காலையில் இரண்டு நிமிஷம் பேசினான். அப்புறம் போன் அணைந்தே கிடந்தது. உஸ்தாதுக்கு வியாழக்கிழமை ராத்திரி கராச்சிக்கு டிக்கெட். பிறந்து ஐந்து வாரமான மகளை அவர் வீடியோவில்தான் பார்த்திருந்தார். விமானம் ரத்து. கட்டிக்கொண்ட பெட்டி வாசல் பக்கமே நின்றது. ஒரே ஹாலில் இவர் கவலை அவருக்குச் சொல்ல முடியாது, அவர் கவலை இவருக்குச் சொல்ல முடியாது.

இதில் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். புதன்கிழமை சாயங்காலம் வந்த ஒரு வீராவேசப் படத்தை, கூடவே தமிழில் நாலு வரி நக்கலோடு, கல்லூரி நண்பர்கள் குரூப்புக்குத் தட்டிவிட்டேன். தட்டியபிறகு பார்த்தால் அது போனது எங்கள் ஃப்ளாட் குரூப்புக்கு! பால், கேஸ், கரண்ட் பில் கணக்குப் போடுவதற்காக நானே ஆரம்பித்த குரூப். அவசரமாக அழித்தேன். அதற்குள் நீல டிக் விழுந்துவிட்டது.

பற்று-வரவில் தப்பு வந்தால் அடித்துவிட்டு எதிர்ப்பதிவு போடலாம். இதற்கு என்ன பதிவு போடுவது? உஸ்தாத் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. மறுநாள் காலையில் வழக்கம்போல் என் டீயையும் சேர்த்தே போட்டு வைத்திருந்தார்.

மார்ச் 1, வெள்ளிக்கிழமை. அப்போது அங்கே வாரவிடுமுறை வெள்ளி, சனிதான். தொழுகைக்குப் போய்விட்டு வந்த உஸ்தாத் என் கட்டில் அருகே நின்றார்.

"எழுந்திரு. இன்னிக்குக் கபாப்."

"இன்னிக்கா?"

"கை சும்மா இருந்தா போனைப் பார்க்கும். போனைப் பார்த்தா புத்தி கெடும். வா, கறி வாங்கலாம்."

சத்வா கசாப்புக் கடைகளில் ஆட்டுக்குத் தேசம் உண்டு. இந்திய ஆடு, பாகிஸ்தான் ஆடு, ஆஸ்திரேலிய ஆடு என்று விலைப்பலகையோடு பக்கத்துப் பக்கத்தில் சண்டையில்லாமல் தொங்கும். அன்று பாகிஸ்தான் கொக்கிகள் காலி. "ஃப்ளைட் இல்லை, அதனால ஆடும் இல்லை" என்றார் கடைக்காரர். உஸ்தாத் ஒரு நிமிஷம் யோசித்தார். "சரி, இந்தியா குடு. ஒரு கிலோ. தோள் பக்கம். கொழுப்பை வெட்டி எறியாதே."

இங்கேதான் முதல் பாடம். ஸீக் கபாபுக்கு ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு வேண்டும். ஒரு கிலோவில் 200 கிராம். உடம்புக்கு நல்லதென்று வெறும் சதையாக வாங்கினால் கபாப் காய்ந்து செருப்புத் தோலாகிவிடும். கறியைக் கழுவுவதானால் அரைப்பதற்கு முன்பே கழுவி, நன்றாக நீர் வடிக்க வேண்டும். மிஷினில் இரண்டு முறை ஓட்ட வேண்டும். ஒரு முறை அரைத்தால் கொத்துக்கறி, இரண்டு முறை அரைத்தால்தான் கபாப் கறி.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வெங்காயம் ஒதுக்கப்பட்டது. பெரியதாக இரண்டு. துருவினேன். அப்படியே கொட்டப் போனேன்.

"நில்! பிழிஞ்சியா?"

ஒரு மெல்லிய துணியில் போட்டு முறுக்கிக் காட்டினார். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. "இந்தத் தண்ணிதான் எதிரி. இது உள்ளே இருந்தா கறி கம்பியில நிக்காது. எல்லாம் உதிரும். பிழி. இன்னும் பிழி."

பிழிந்தேன். கண் எரிந்து தாரை தாரையாக ஊற்றியது. அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன்.

"உஸ்தாத்... புதன்கிழமை ஒரு மெசேஜ்... தப்பு. மன்னிச்சுக்குங்க."

அவர் இஞ்சி நசுக்குவதை நிறுத்தவில்லை. "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது" என்றார். நான் மூச்சு விடுவதற்குள், "படம் பார்க்கத் தெரியும்" என்றார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"என் போனுக்கும் வந்தது அந்த மாதிரி நூறு. உன் ஊரைப் பத்தி. நான் யாருக்கும் அனுப்பலை. நல்லவன் என்பதால இல்லை. பெட்டி கட்டிட்டிருந்தேன், நேரம் இல்லை" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "இப்ப அழறது நீயா, வெங்காயமா?" என்றார்.

"ரெண்டும்."

"சரி. பிழி."

அடுத்தது மசாலா. தனியாவையும் சீரகத்தையும் வெறும் சட்டியில் வறுத்து, மாவாக்காமல் கொரகொரப்பாக இடித்துக்கொள்ள வேண்டும். இஞ்சி, பூண்டு விழுது ஒவ்வொரு கரண்டி, பச்சை மிளகாய், கொத்துமல்லித் தழை, இடித்த வற்றல் மிளகாய், கொஞ்சம் கரம் மசாலா, இரண்டு டீஸ்பூன் உப்பு. பப்பாளிக் காயைத் தோலோடு அரைத்து ஒரு மேசைக்கரண்டி. காயின் பாலில் உள்ள பப்பாயின் கறியை மிருதுவாக்கும். அதிகம் போட்டாலோ, ராத்திரி முழுக்க ஊறவிட்டாலோ கறி களியாகிவிடும். ஒரு மணி நேரம் போதும்.

உஸ்தாத் அலமாரியைக் குடைந்தார். "புனே சனே தீர்ந்துபோச்சே!" வறுத்த கடலையாம். அதைப் பொடித்துப் போட்டால் மிச்சம் மீதி ஈரத்தையும் இழுத்துக்கொள்ளுமாம். எனக்குப் பொறி தட்டியது. சட்னிக்கென்று நாங்கள் வைத்திருந்த பொட்டுக்கடலை டப்பாவைத் திறந்து காட்டினேன். ஒன்றை வாயில் போட்டு மென்றார். "இதேதான்! இத்தனை நாளா இதை வெச்சுக்கிட்டா சட்னி அரைச்சீங்க?" நாலு மேசைக்கரண்டி பொடித்துச் சேர்த்தோம். முட்டை கூடாது. மைதா கூடவே கூடாது.

பிறகு பிசைய வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி பத்து நிமிஷம், அழுத்தி, இழுத்து. உப்பும் பிசைதலும் சேர்ந்து கறியின் புரதத்தை வெளியே இழுத்துப் பசையாக்குகின்றன. கபாபைக் கம்பியில் நிற்கவைப்பது அந்தப் பசைதான். கையில் நூல் நூலாக ஒட்டினால் பதம். அதை மூடி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில். கொழுப்பு உறைந்தால்தான் பிடிக்க வரும்.

கம்பிக்கு நான் யோசனை சொன்னேன், "சைக்கிள் ஸ்போக்ஸ் வாங்கிட்டு வரவா?" உஸ்தாத் தலையில் அடித்துக்கொண்டார். அதில் துத்தநாகப் பூச்சு இருக்கும், சூட்டில் வைக்கவே கூடாது. அதோடு மெல்லிய உருண்டைக் கம்பியில் கறி நிற்காது, திருப்பினால் கம்பி மட்டும் சுற்றும். கபாப் கடைகளில் பட்டையான கம்பி வைத்திருப்பது அதனால்தான். வீட்டில் அதுவும் வேண்டாம். மரக்கரண்டிக் காம்பு போதும். காம்பில் எண்ணெய் தடவி, கையை நனைத்துக்கொண்டு, ஒரு எலுமிச்சை அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக உருட்டி, காம்பைச் சுற்றி விரல் கனத்துக்கு நீட்டிப் பிடித்து, மெல்ல உருவிவிட வேண்டும். நடுவில் துளையோடு குழல் மாதிரி நிற்கும். உள்பக்கமும் வேக அந்தத் துளை போதும்.

எல்லாம் சரி. எங்கள் நான்-ஸ்டிக் தவாதான் சரியில்லை. அடி வளைந்து நடுவில் மேடாகி, பூச்சும் உரிந்து கிடந்தது. முதல் நாலு கபாபும் ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் பச்சையாகி, திருப்பும்போது உடைந்தன. உஸ்தாத் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மூன்று நாளாக ஒன்றும் சொல்லாத மனுஷனின் முகம் அந்த உடைந்த கபாபைப் பார்த்துத்தான் வாடியது.

ஃப்ளாட்டில் நல்ல இரும்பு ஒன்று இருந்தது. அண்ணாச்சியின் தோசைக்கல். பாளையங்கோட்டையிலிருந்து அம்மா கொடுத்தனுப்பியது. எண்ணெய் தடவி, நியூஸ் பேப்பர் சுற்றி, கட்டிலுக்கடியில் வைத்திருப்பார். நாங்கள் முட்டை தோசை ஊற்றக் கேட்டாலே தரமாட்டார். போதாக்குறைக்கு அன்று வெள்ளிக்கிழமை. அண்ணாச்சி கவிச்சி தொடமாட்டார். அன்று காலையிலிருந்து உஸ்தாத் பக்கமே திரும்பவில்லை.

அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று அந்த உடைந்த கபாப்களைப் பார்த்தார். என்னிடம் மெதுவாக, "அந்தாளுக்கு ப்ளேனு என்னைக்காம்?" என்றார்.

"தெரியலை அண்ணாச்சி. புள்ளையை இன்னும் பார்க்கலை அவர்."

ஒன்றும் பேசாமல் போனார். நியூஸ் பேப்பர் சரசரத்தது. தோசைக்கல்லைக் கொண்டுவந்து அடுப்பில் வைத்துவிட்டு, "கழுவுகேன்னு சோப்பு கீப்பு போட்டுராதிய" என்று தமிழிலேயே உஸ்தாதிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். உஸ்தாதுக்கு எப்படிப் புரிந்ததோ, தலையை ஆட்டினார்.

தடித்த இரும்பு, சீரான சூடு. கொஞ்சம் எண்ணெய் விட்டு, மிதமான தீயில், ஒரு பக்கம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்வரை தொடாமல் விட்டு, பிறகு கால் கால் திருப்பாக உருட்ட வேண்டும். பன்னிரண்டு நிமிஷத்தில் சுற்றிலும் செம்பழுப்பு. பிய்த்துப் பார்த்தால் நடுவில் சிவப்பு இருக்கக் கூடாது. கொத்தின கறிக்கு அரைவேக்காடு ஆகாது. ஓவன் வைத்திருக்கும் பாக்கியசாலிகள் மூங்கில் குச்சியை அரை மணி ஊறவைத்துக் கறியைப் பிடித்து, தட்டின் இரண்டு விளிம்பிலும் பாலம் மாதிரி வைத்து, நன்றாகச் சூடேற்றிய மேல் தீயில் வாட்டலாம்.

கபாப் வெந்தது. ஆனால் கரியில் வாட்டிய வாசனை? அதற்குத்தான் கடைசி வித்தை. ஒரு துண்டுக் கரியை கேஸ் தீயிலேயே காட்டிச் சிவக்க வைத்தார். ஹூக்காவுக்கென்று விற்கிற சட்டென்று பற்றும் கரி கூடாது, அதில் மருந்து கலந்திருக்கும். சாதாரண மரக்கரிதான் வேண்டும். கபாப் எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் அடுக்கி, நடுவில் சின்ன எவர்சில்வர் கிண்ணம் வைத்து, அதில் கரியைப் போட்டு, மேலே அரை ஸ்பூன் நெய் விட்டார். குபீரென்று புகை. டக்கென்று மூடினார். ஜன்னலை நான் முன்பே திறந்து வைத்திருந்தேன். ஐந்து நிமிஷம் எண்ணினோம்.

அப்போதுதான் ஹாலில் சேட்டன் கத்தினார். ரிமோட் தலையணையிலிருந்து வெளியே வந்திருந்தது. டி.வி.யில் வாகா எல்லை. இந்திய நேரம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், எங்களுக்கு எட்டு ஆகப் போகிறது. கேட் பக்கம் கோட்டு போட்ட அபிநந்தன் நடந்து வந்துகொண்டிருந்தார். அண்ணாச்சி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அடுப்பங்கரை வாசலில். பக்கத்தில் கரண்டியோடு உஸ்தாத். விமானி இந்தப் பக்கம் கால் வைத்ததும் உஸ்தாத், "அவங்கம்மா தூங்குவாங்க இன்னிக்கு" என்றார். கான், "ஆமீன்" என்றான்.

மூடியைத் திறந்தோம். அந்த வாசனையை எப்படி எழுதுவது? நாத்தூர் மேலே வந்து கதவைத் தட்டினார். பால்கனியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு கபாப் வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணாச்சி தயிர் சாதம் சாப்பிட்டார். ராத்திரி பத்தரை மணிக்கு எழுந்து வந்து பாத்திரத்தைத் திறந்தார்.

"என்ன அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை?"

"ஊருல மணி பன்னெண்டுலே. சனிக்கிழமை பொறந்துட்டுல்லா."

நாலு சாப்பிட்டார். ஐந்தாவதை உஸ்தாத் தட்டில் வைத்தார்.

கராச்சி விமான நிலையம் அன்றே திறந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் அண்ணாச்சியின் தம்பி பேசினான். உஸ்தாத் அன்று ராத்திரி ஊருக்குப் போனார். வான்வெளி முழுசாகத் திறக்க ஜூலை 16 ஆனது. நான் 2020-ல் வேலை போய்ச் சென்னை திரும்பி, கணக்கெழுதுவதை விட்டுக் கட்டுரை எழுத ஆரம்பித்தேன். வருமானத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். கபாப் மட்டும் மாதம் ஒருமுறை நடக்கிறது. கரிக்கு இஸ்திரி வண்டிக்காரரிடம் போவேன். "ஒரே ஒரு துண்டா ஸார்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

2025 மே மாதம் மறுபடியும் அந்த மாதிரி நாலு நாள் வந்தது. என் போனுக்கும் வந்தது நூறு. நான் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. உஸ்தாதிடமிருந்தும் சத்தமில்லை. 10-ஆம் தேதி சாயங்காலம் சண்டை நின்றது என்றார்கள். மறுநாள் ஞாயிறு, அரைக் கிலோ கறி வாங்கி, தோசைக்கல்லில் கபாப் போட்டு, போட்டோ எடுத்துக் கராச்சிக்கு அனுப்பினேன். ஒன்று மட்டும் ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருந்தது.

பத்து நிமிஷத்தில் நீல டிக். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது:

"வெங்காயத்தை இன்னும் பிழி."